பெட்டிக் கம்பம்

கவும்புனி ஊர்த் தேனீச் சங்கத்தில் சேர ஒன்றும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒன்றும் தெரியாமல் இருப்பதுதான் அங்கே தகுதி என்று கமேனேயின் புருஷன் கித்தேகா சொல்வான். அவன் நாக்கு அப்படி. இடுப்பு முறிந்து முற்றத்து மர நிழலில் கட்டிலோடு கிடந்தாலும் நாக்குக்கு மட்டும் ஒரு சேதாரமும் இல்லை.

அவன் கேலியிலும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது. அவனுடைய அப்பன் காலத்தில் தேன் என்பது ஆம்பிளை சமாசாரம். குடைந்த மரத்துண்டை ஆனைப்புளி மரத்தின் உச்சிக் கிளையில் கட்டிவிட்டு, தேன் கண்டதும் ஏறி இறக்குவார்கள். பெண்கள் கீழே நின்று ஏந்திக்கொண்டால் போதும். அப்படி ஏறித்தான் கித்தேகாவும் போன வருஷம் விழுந்தான். இப்போது பலகைப் பெட்டிகள் வந்துவிட்டன. இரண்டு பக்கமும் கம்பம் நட்டு, இடையில் கம்பி இழுத்து, இடுப்பு உயரத்தில் பெட்டியைத் தொங்கவிட்டால் தேன்கரடி ஏறாது, எறும்பு ஏறாது. பாவாடை கட்டிய எவளும் தரையில் நின்றபடியே மூடியைத் திறக்கலாம். சங்கத்தில் எல்லோரும் பெண்கள்தான், மாலுக்கி ஒருத்தனைத் தவிர. தலைவி கமேனே. ‘சேர்லேடி’ என்று கூப்பிடுவார்கள்.

சங்கத்துக்குச் சட்டம் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. கமேனே வாயால் சொன்னதுதான் சட்டம். எந்தக் கேள்வியும் கேட்கலாம். கேட்டவளைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. சிரித்தால் தேனீ குடிக்கும் தொட்டிக்கு இரண்டு கேன் தண்ணீர் ஊற்ற வேண்டும். புதிதாக வந்தவர் தப்புச் செய்தால் ஒரு வார்த்தை ஏசக் கூடாது. ஈ கிளம்பிவிட்டால் முதலில் உன் உயிர், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடு, எதை எடுக்கவும் திரும்பாதே. அவ்வளவுதான்.

இதெல்லாம் சும்மா வந்ததில்லை. முதல் வருஷம் ஒருத்தி ஏதோ கேட்க, எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவள் எதையும் கேட்கவில்லை. தெரியாததைத் தெரிந்தவள் மாதிரி, பொழுது சாய்ந்து திறக்க வேண்டிய பெட்டியைப் பட்டப்பகலில் திறந்தாள். முகம் பானையாக வீங்கி ஒரு வாரம் கண் திறக்க முடியாமல் கிடந்தாள். பிழைத்து எழுந்ததும் சங்கத்தின் பக்கமே தலைகாட்டவில்லை. சிரித்தவர்களில் கமேனேயும் ஒருத்தி. அன்றைக்கு நெஞ்சில் விழுந்த அடியில் போட்ட சட்டங்கள் இவை.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. நவம்பர் மழைக்கு இன்னும் நாள் கிடந்தது. வேல மரங்கள் இலை உதிர்த்து முள்ளாக நின்றன. ஆறு மணலாகக் கிடந்தது. ஆற்று மணலில் ஆளுயரத்துக்கு ஊற்றுக்குழி தோண்டி, அடியில் கசிவதைச் சுரைக்குடுவையால் மொண்டு கேனில் ஊற்றி வர வேண்டும். போக ஒரு பொழுது, வரிசையில் நிற்க ஒரு பொழுது, வர ஒரு பொழுது. கமேனேயிடம் கழுதை இருந்ததால் பிழைப்பு ஓடியது. ஒரு நடைக்கு நாலு கேன். இரண்டு வீட்டுக்கு, இரண்டு சந்தையில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவளுக்கு. அந்தத் தண்ணீர்க் காசில்தான் மக்காச்சோளமும் துவரையும், கித்தேகாவுக்கு வலி மாத்திரையும். பெட்டித் தேனை வைத்துச் சாப்பிடலாம் என்றால் பூ பூத்தால் அல்லவா தேன். மகன் கியாலோ மொம்பாசாவில் வாட்ச்மேன் வேலை பார்த்தான். அவன் பணம் வந்தால் வரும், வராவிட்டால் வராது. கழுதை தினமும் வந்தது.

அதற்குச் செகரட்டரி என்று பேர் வைத்தவன் கித்தேகா.

“சேர்லேடின்னா ஒரு செகரட்டரி வேணாமா? காது பெருசு, எல்லாத்தையும் கேட்டுக்கும். வெளிய சொல்லாது” என்றான்.

“உங்களையும்தான் சேத்துக்கலாம்னு பாத்தேன். வாய் அடங்காதே” என்றாள் கமேனே.

பேர் ஒட்டிக்கொண்டது. சந்தையில் பிள்ளைகள்கூட, “செகரட்டரி வருது, வழி விடு” என்பார்கள். நல்ல கழுதைதான். ஒரே ஒரு கெட்ட குணம், கட்டை அவிழ்த்துக்கொண்டு சொந்தமாக வீட்டுக்கு நடையைக் கட்டிவிடும்.

மாலுக்கி சங்கத்துக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மொம்பாசாத் துறைமுகத்தில் இருபது வருஷம் லாரிக்குச் சரக்கு ஏற்றியவன். எந்திரம் வந்ததும் ஆளைக் கழற்றிவிட்டார்கள். தோள் மட்டும் இருந்தது, ஊரில் செய்ய வேலை இல்லை. கூச்சப்பட்டுக்கொண்டு கூட்டத்தின் ஓரத்தில் வந்து உட்கார்ந்தவனைக் கமேனேதான் நடுவில் உட்கார வைத்தாள். அதன்பிறகு அவனைப்போல் கேள்வி கேட்பவர் யாரும் இல்லை. ஈ தூங்குமா, ராணி செத்தால் அழுமா, மழையில் நனைந்தால் சளி பிடிக்குமா. கமேனே ஒன்றுவிடாமல் பதில் சொன்னாள். சொல்லிக்கொடுப்பதில் அவளுக்கு ஒரு ருசி இருந்தது, அதை ஒளிப்பானேன்.

அந்த வாரக் கூட்டத்தில் சியோகாவு கையைத் தூக்கினாள். சேர்ந்து இரண்டே வாரமான பெண், குரலே வெளியே வராது.

“சேர்லேடி, ஒண்ணு கேக்கலாமா?”

“கேளும்மா. கேக்கத்தானே உக்காந்திருக்கோம்.”

“பெட்டியை மாட்டிட்டோம். சரி. வீடு காலியா இருக்குன்னு ஈக்கு யாரு போய்ச் சொல்றது?”

“போர்டு எழுதித் தொங்கவிடு, வீடு வாடகைக்கு விடப்படும்னு” என்றான் மாலுக்கி. சொல்லிவிட்டு அவனே சிரித்தான். நாலைந்து பேர் உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார்கள். சியோகாவு தலைத்துணியை முகத்துக்கு இழுத்துக்கொண்டாள்.

கமேனே சிரிக்கவில்லை. “நல்ல கேள்வி. கூட்டம் கிளம்புறதுக்கு முன்னாடி வேவு பாக்குற ஈ வரும். பொந்து பொந்தா நுழைஞ்சு பாக்கும். மனசுக்குப் பிடிச்சாப் போய்ச் சொல்லும். நாம உள்ள கொஞ்சம் மெழுகைத் தடவி வச்சாப் போதும், வாசம் போய்க் கூப்பிடும். புரிஞ்சுதா?”

சியோகாவு தலையாட்டினாள்.

“மாலுக்கி, ரெண்டு கேன்.”

“அக்கா, நான் சும்மா விளையாட்டுக்கு…”

“நாளைக்கு மத்தியானத்துக்குள்ள. தொட்டி காஞ்சு கிடக்கு.”

“போன தடவை வான்சா சிரிச்சப்ப ஒரு கேன்தானே வாங்குனீங்க?”

“அது மழைக்காலம்” என்றாள் வான்சா. இதற்கு எல்லோரும் சிரித்தார்கள். கேள்வி கேட்டவளைப் பார்த்துச் சிரித்ததில்லை என்பதால் தண்டம் கிடையாது.

கூட்டம் கலைந்து போகும்போது மாலுக்கி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நடந்தான். கமேனேக்கு மனசு கேட்கவில்லை. கண்டித்தவளே தேற்றவும் வேண்டும், இல்லாவிட்டால் இவனும் நாளைக்கு வராமல் போய்விடுவான். வழியில் பிடித்து நிறுத்தினாள்.

“தம்பி, நாளைக்கு நம்ம செகரட்டரியைக் கூட்டிட்டுப் போ. நாலு கேன் ஏத்து. ரெண்டு தொட்டிக்கு, ரெண்டு எனக்கு. கியாலோ அப்பாவுக்கு முதுகுல புண்ணு வர்ற மாதிரி இருக்கு, குளிப்பாட்டணும். நாளைக்கு நான் ஆத்துக்குப் போகலை.”

“உங்க கழுதையை எதுக்கு அக்கா…”

“தண்டனை தண்டனைதான். அதுக்காக முதுகு ஒடியணும்னு இருக்கா? ஒண்ணு மட்டும் பாத்துக்கோ. கட்டை அவுத்துக்கிட்டுக் கிளம்பிடும். எங்க நிறுத்தினாலும் இறுக்கிக் கட்டு.”

“கட்டுறதைப் பத்தி எனக்கா அக்கா சொல்றீங்க? நான் போட்ட முடிச்சு மொம்பாசாவுலேருந்து நைரோபி வரைக்கும் அவுந்ததில்லை.”

அவன் முகம் தெளிந்துவிட்டது. கமேனே நிம்மதியாக வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காற்று அசையவில்லை. கமேனே கித்தேகாவை ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஈரத்துணியால் முதுகைத் துடைத்துவிட்டு, உரலில் மக்காச்சோளம் போட்டு உமி போகக் குத்திக்கொண்டிருந்தாள். அடுப்பில் துவரை வெந்துகொண்டிருந்தது. பெட்டிகள் இருந்த சரிவு ஓடையைத் தாண்டி எதிரிலேயே தெரியும். ஆறு பெட்டிகள், ஒரே கம்பி வரிசை.

“உன் சிஷ்யன் இன்னும் வரலையே. செகரட்டரிகிட்ட வழி கேட்டுக்கிட்டு இருப்பான்” என்றான் கித்தேகா.

“வாயை மூடிட்டு வலிக்குதான்னு சொல்லுங்க.”

“வாயை மூடிட்டு எப்படிச் சொல்றது?”

அப்போதுதான் கத்தல் கேட்டது. முதலில் மாலுக்கியின் குரல், அதற்கு மேலாகக் கழுதையின் குரல். கமேனே உலக்கையோடு நிமிர்ந்தாள். ஓடையின் இந்தப் பக்கக் கரையில் மாலுக்கி தலையைச் சட்டையால் மூடிக்கொண்டு விழுந்தடித்து ஓடி வந்துகொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் சரிவில் புழுதி மாதிரி ஒன்று எழுந்து நின்றது. புழுதி இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

கட்டில் முற்றத்தில் இருந்தது. முதலில் அதைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. கம்பளியை எடுத்துக் கித்தேகாவைத் தலையோடு மூடினாள். மாலுக்கி வந்து சேர்ந்ததும் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கட்டிலை அடுப்படிக்குள் இழுத்தார்கள். இடுப்பு இடித்து அவன் அலறினான். அவள் பச்சைக் கிளையை அடுப்பில் திணித்துப் புகையைக் கிளப்பினாள். மாலுக்கியின் தலையிலும் காதிலும் ஈக்கள் சிக்கிக்கொண்டு இரைந்தன. சொல்லிக்கொடுத்தபடி புகைக்குள் நுழைந்து, கையால் அடிக்காமல், அப்படியே உட்கார்ந்தான். எல்லாம் சொல்லிக்கொடுத்தபடிதான் செய்தான்.

“செகரட்டரி எங்க?” என்றாள்.

“அங்கதான் அக்கா. ஓடாது, கட்டியிருக்கேன்.”

“எதுல கட்டின?”

“கம்பத்துல.”

“எந்தக் கம்பம்?”

அவன் வீங்கத் தொடங்கிய கண்ணால் அவளைப் பார்த்தான். எதற்குக் கேட்கிறாள் என்று அவனுக்கு விளங்கவில்லை.

“பெட்டிக் கம்பம்தான். தொட்டிக்குப் பக்கத்துல அதைவிட உறுதியா வேற என்ன இருக்கு?”

பெட்டிக் கம்பத்தில் மிருகத்தைக் கட்டக் கூடாது என்று சங்கத்தில் எந்த நாளும் யாரும் சொன்னதில்லை. சொல்லத் தோன்றியதுமில்லை. அடுப்புக்குள் காலை வைக்காதே என்று எவளாவது எவளுக்காவது சொல்வாளா? எதை வேண்டுமானாலும் கேள் என்று சொல்லியிருந்தாள்தான். கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது என்றே தெரியாதவன் எப்படிக் கேட்பான்?

நடந்தது அவ்வளவுதான். ஒரு கேனை இறக்கித் தொட்டியில் ஊற்றியிருக்கிறான். தாகத்தில் கிடந்த ஈக்கள் தொட்டிக்கு வந்த கையோடு, கழுதை முதுகிலிருந்த ஈரக் கேன்களுக்கும் வந்திருக்கின்றன. காதில் ஒன்று, மூக்கில் ஒன்று. செகரட்டரி தலையை உதறிக் கயிற்றை இழுத்திருக்கிறது. கயிறு கம்பத்தை இழுக்க, கம்பம் கம்பியை இழுக்க, ஆறு பெட்டியும் ஒரே நேரத்தில் ஆடியிருக்கின்றன. அவிழ்த்துக்கொண்டு ஓடுகிற கழுதை, அன்றைக்குத்தான் அவிழ்க்க முடியாமல் நின்றது.

சங்கத்துக்கு இரண்டே இரண்டு தேனீச் சட்டை. ஒன்று வான்சா வீட்டில், ஒன்று கமேனே வீட்டில். இவள் வீட்டுச் சட்டைக்குக் கழுத்து ஜிப் போய்விட்டது. கழுத்தைச் சுற்றித் துணியை இறுக்கிக்கொண்டு, புகைக்குழலில் நெருப்பையும் காய்ந்த சாணியையும் போட்டு எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

“கயித்தை அவுக்காத, அறு. அரிவாளை எடுத்துக்கோ” என்று கம்பளிக்குள்ளிருந்து கித்தேகா கத்தினான். அது அவள் காதில் விழவில்லை. கழுதையின் குரல்தான் விழுந்தது.

ஓடையைத் தாண்டி ஏறும்போது தேனீக்கள் வலைத் தொப்பி மேல் ஆலங்கட்டி மழையாக விழுந்தன. புகையை அவை சட்டைசெய்யவில்லை. செகரட்டரி முன்னங்காலை மடித்து விழுந்திருந்தது. சாம்பல் நிற முதுகு கறுப்பாக இருந்தது, அசைந்தது. கமேனே கிட்டே போய் முடிச்சில் கைவைத்தாள். கழுதையின் முழுப் பாரமும் கயிற்றில் தொங்கியதால் முடிச்சு கல்லாக இறுகியிருந்தது. கையுறையோடு விரல் நுழையவில்லை. கையுறையைக் கழற்றினாள். கை முழுக்க ஈ மொய்த்தது. நகம் நுழையவில்லை. பல்லால் கடிக்கலாம் என்றால் முகத்தில் வலை. அதற்குள் கழுத்துத் துணி வழியாக உள்ளே நுழைந்தவை கன்னத்திலும் கண்ணோரத்திலும் கொட்டத் தொடங்கின. ஒரு கண் மூடிக்கொண்டது.

கழுதை அவளைப் பார்த்தது. அவளைத்தான் பார்த்ததா என்று யார் கண்டது, ஆனால் அவள் அப்படித்தான் நினைத்தாள், கடைசி வரை நினைத்தாள். ஒரு கை கயிற்றைப் பிடித்திருந்தது. மறு கை வலையை முகத்தை விட்டு விலக்கிப் பிடித்திருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் நின்றால் இரண்டு பேரும் அங்கேயே கிடப்போம் என்று தெரிந்தது. கயிற்றை விட்டாள். திரும்பினாள். ஓடினாள்.

அதற்குப் பிறகு செய்ய ஒன்றும் இல்லை. பொழுது சாயும்வரை மூன்று பேரும் புகை மண்டிய அடுப்படிக்குள் உட்கார்ந்திருந்தார்கள். கதவு மூடியிருந்தாலும் சத்தம் வந்தது. கத்தல் முனகலானது, முனகல் விட்டு விட்டு வந்தது. துவரை அடிப்பிடித்துக் கருகும் வாசம் வந்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. கித்தேகா ஒரு கேலி பேசவில்லை. அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

வெயில் இறங்கி ஈக்கள் அடங்கியதும் சேதி கேட்ட சங்கத்துப் பெண்கள் வந்தார்கள். வான்சா அரிவாளால் ஒரே வெட்டில் கயிற்றை அறுத்தாள். சாக்கை விரித்து அதன்மேல் கழுதையைப் புரட்டி, எட்டுப் பேர் ஓடைவரை இழுத்து வந்தார்கள். உயிர் இருந்தது. கத்தி முதுகால் சுரண்டிச் சுரண்டிக் கொடுக்கை எடுத்தார்கள். எடுக்க எடுக்கத் தீரவில்லை. முதுகில் கட்டியபடி இருந்த கேன்களில் ஒன்றில் இன்னும் தண்ணீர் இருந்தது. அதையே அதன் தலையில் ஊற்றினார்கள். கால்நடை டாக்டருக்கு வான்சா போன் போட்டாள். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை.

மாலுக்கி தள்ளி நின்றான். முகம் வீங்கி, யாரென்றே அடையாளம் தெரியவில்லை. பெண்கள் ஒவ்வொருத்தியாக அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி வாயைத் திறக்கப் போனாள்.

“யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது” என்றாள் கமேனே. “புதுசாக் கத்துக்கிறவன். கட்டச் சொன்னது நான்.”

யாரும் சொல்லவில்லை. நல்ல சங்கம்.

மறுநாள் முற்பகலில் கழுதை செத்தது. மாலுக்கிதான் ஆட்களைக் கூட்டி வந்து இழுத்துப்போய்த் தூரத்தில் குழி தோண்டி மூடினான். கமேனே போகவில்லை. கித்தேகாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, வீங்கிய கையைச் சாம்பல் நீரில் ஊறவைத்துக்கொண்டிருந்தாள்.

“ஏசியிருக்கலாம்ல. ஒரே ஒரு தடவை. வயிறாவது ஆறியிருக்கும்” என்றான் கித்தேகா.

“ஏசினா எந்திரிச்சு வந்துருமா?”

“வராது. ஆனா மனுஷன்னா ஏசணும். உன்னை மாதிரி நல்லவளா இருந்தா மத்தவன் எப்படி வாழ்றது? பாவம், அவன் மூஞ்சியைப் பாத்தியா. நாலு அறை வாங்கியிருந்தா அவனும் நிம்மதியாப் படுத்திருப்பான்.”

“கட்டச் சொன்னது நான்.”

“நீ தண்டம் போட்ட, சரி. கழுதையைக் குடுத்த, சரி. இறுக்கிக் கட்டுன்ன, அதுவும் சரி. எல்லாம் சரி. சரியாச் செஞ்சே குடியைக் கெடுத்துட்ட.” சொன்ன கையோடு அவன் குரல் உடைந்துவிட்டது. “எந்திரிச்சு நிக்க முடியுதா எனக்கு. ஒரு கேன் தூக்க முடியுதா. நான் யாரைப் பேசுறேன்.”

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். வேறு என்ன செய்வாள்?

கடைக்காரி இரண்டு நாள் பொறுத்தாள். அப்புறம் வேறொருத்தியிடம் தண்ணீர் வாங்கத் தொடங்கினாள். சொல்லியனுப்பினாள், “வருத்தமாத்தான் இருக்கு, ஆனா அடுப்பு காத்திருக்காதே” என்று. தப்புச் சொல்ல முடியாது. கியாலோவுக்குப் போன் போட்டால் அவன், “பாக்குறேம்மா” என்றான். அந்தப் ‘பாக்குறேன்’ எப்படிப்பட்டது என்று பெற்றவளுக்குத் தெரியாதா? பானையில் களி கிண்ட மாவு இருந்தது, கிண்டத் தண்ணீர் இல்லை. சங்கத்துப் பெண்கள் ஆளுக்கொரு செம்பு கொண்டுவந்து ஊற்றினார்கள். அவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் இருந்தன. எத்தனை நாளைக்கு?

கை வீக்கம் வடிந்த அன்று விடியலில் அவள் தோல்வாரை எடுத்தாள். கேனை முதுகில் ஏற்றி, வாரை நெற்றியில் மாட்டிக்கொண்டு, கழுதை வாங்குவதற்கு முன்னால் நடந்தமாதிரி குனிந்து நடக்க வேண்டியதுதான். ஒரு நடைக்கு ஒரு கேன். வேலியைத் தாண்டியதும் பாதையில் மாலுக்கி நின்றான். இரண்டு தோளுக்கும் குறுக்கே ஒரு கழி, கழியில் நாலு காலிக் கேன்.

“நான் தூக்கிட்டு வாரேன் அக்கா.”

“வேணாம் தம்பி. உனக்கும் வீடு இருக்கு.”

“நாலு தூக்குவேன். லாரியில இதைவிடத் தூக்கியிருக்கேன்.”

“நாலு கேன் எவனும் தூக்க முடியாது.”

“அப்ப மூணு.”

அவள் முன்னே நடந்தாள். அவன் பின்னே வந்தான். காலிக் கேன்கள் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்டன. திரும்பிப் பார்க்க அவளால் முடியவில்லை. முயன்றுதான் பார்த்தாள். அவன்மேல் கோபம் இல்லை என்று நாலு பேர் முன்னால் சொன்னவள், பின்னால் கேட்கிற காலடி கழுதையுடையதாக இல்லையே என்று ஒவ்வோர் அடிக்கும் வயிறு எரிந்தாள்.

ஊற்றில் வரிசை நீளமாக இருந்தது. சங்கத்துப் பெண்களும் நின்றார்கள்: சியோகாவு, வான்சா, போன வாரம் சேர்ந்த இரண்டு பேர். சேர்லேடியைக் கண்டதும் வழிவிட்டார்கள். அவள் மறுத்தாள், அவர்கள் கேட்கவில்லை. குழிக்குள் இறங்கினாள். ஆளுயரத்துக்கு மேலே மணல் சுவர், அடியில் உள்ளங்கை அளவு கலங்கல். சுரைக்குடுவையால் ஒரு மொள்ளல், அப்புறம் காத்திருக்க வேண்டும், மறுபடி ஊறினால் ஒரு மொள்ளல். மாலுக்கி மேலே குழி விளிம்பில் மண்டியிட்டுக் கேனைப் பிடித்திருந்தான். அவள் நீட்டிய குடுவையை வாங்கி ஊற்றிவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

“அக்கா.”

“ம்.”

“ஒண்ணு கேக்கலாமா?”

மேலே நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் அந்தக் குரலில் எத்தனை கேள்வி கேட்டிருக்கிறான், எல்லோருக்கும் தெரியும்.

“கேளு.”

“நான் ஓடினது சரியா?”

கமேனே குடுவையை மணலில் வைத்தாள். “அரிவாள் என் இடுப்புலதான் இருந்துச்சு” என்று மேலிருந்து அவன் சொன்னான். “கழி வெட்டப் போகலாம்னு கொண்டுபோனேன். ஒரு வெட்டு வெட்டியிருந்தாப் போதும். ஈ கிளம்பிச்சு, நீங்க சொன்னது ஞாபகம் வந்துச்சு, எதுக்கும் திரும்பாதன்னு. ஓடிட்டேன். பாதி ஓடையில ஞாபகம் வந்துச்சு, அரிவாள் இருக்கேன்னு. அப்பவும் திரும்பலை, அதையும் அங்கேயே போட்டுட்டு ஓடி வந்தேன். ராத்திரியெல்லாம் அந்த வெட்டைத்தான் வெட்டிட்டு இருக்கேன். நீங்களே சொல்லுங்க. சரியா, தப்பா?”

அரிவாள் இடுப்பில் இருந்த சேதி அவளுக்கு இதுவரை தெரியாது. உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பாவி, ஒரு வெட்டு. அவள் நகம் பிய்ந்த முடிச்சு அது. அவள் குடும்பமே அந்த ஒரு வெட்டில் தொங்கிக்கொண்டு இருந்திருக்கிறது. தப்புடா, தப்பு, நீயெல்லாம் மனுஷனா என்று தொண்டைவரை வந்துவிட்டது. அதைக் கேட்கத்தான் அவனும் மண்டியிட்டுக் காத்திருந்தான். கேட்டால் அவனுக்கும் ஆறும், சொன்னால் அவளுக்கும் ஆறும். கித்தேகா சொன்னது சரிதான்.

அண்ணாந்து பார்த்தாள். குழியின் விளிம்பில் மாலுக்கியின் தலைக்குப் பக்கத்தில் சியோகாவின் தலை தெரிந்தது. அதற்குப் பின்னால் புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்களின் தலை. ஒருத்தி முதுகில் கைக்குழந்தை. எல்லோரும் சேர்லேடியின் பதிலுக்காகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். தப்பு என்று இப்போது சொன்னால், நாளைக்கு இவர்களில் ஒருத்தி ஆட்டுக்காகத் திரும்புவாள். கோழிக்காகத் திரும்புவாள். முதுகில் பிள்ளையோடு திரும்புவாள்.

“சரிதான்” என்றாள் கமேனே.

குரல் எழும்பவில்லை. வரிசையில் பின்னால் நின்றவளுக்குக் கேட்டிருக்காது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, மேலே எல்லோருக்கும் கேட்கும்படி மறுபடி சொன்னாள்.

“நீ ஓடினதுதான் சரி. கையில அரிவாள் இருந்தாலும் சரி, கட்டிக் கிடக்குறது எதுவா இருந்தாலும் சரி, திரும்பக் கூடாது. யாரும் திரும்பக் கூடாது. எல்லாரும் கேட்டுக்கோங்க.”

மேலே தலைகள் ஆடின. மாலுக்கி அப்படியே இருந்தான். அவன் கண்ணிலிருந்து விழுந்தது குழிக்குள் அவள் கையில் விழுந்தது. அவள் முகத்தைத் திருப்பி, ஈர மணல் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டாள். தோள் குலுங்குவது மேலிருந்து தெரியக் கூடாது என்று முழங்காலை இறுகக் கட்டிக்கொண்டாள்.

“அக்கா, ஊறிடுச்சா?” என்று கொஞ்ச நேரம் கழித்து அவன் கேட்டான்.

“இல்லை” என்றாள். “இன்னும் கொஞ்சம் இரு.”